சிறிய பெட்டி, குறைந்த சூடு: கன்வெர்ட்டர் வடிவமைப்பு பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். அந்தக் காலத்துக்குப் பிறகு அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து இன்வெர்ட்டர் திருத்தவும் சொந்தமாகச் செய்து பார்க்கவும் ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் நிறையக் கேள்விகள் கேட்கிறார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிப்பவர்கள், தேயிலை ஸ்டோர்களில் (தொழிற்சாலைகளில்) எலக்ட்ரீஷியனாக வேலை செய்பவர்கள், டவுனில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்கள் என்று பலர். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

கணக்குப் பார்க்க வசதியாக ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம்: 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 230 வோல்ட், 300 வாட் தரும் இன்வெர்ட்டர். லயத்து வீடொன்றில் லைட், டிவி, ரவுட்டர், பிள்ளையின் மடிக்கணினி எல்லாம் ஓட இது போதும்.

கன்வெர்ட்டர் என்று எதைச் சொல்கிறீர்கள்? இன்வெர்ட்டர் வேறா?

மின்சாரத்தின் வோல்டேஜையோ வகையையோ மாற்றித் தரும் எல்லாமே கன்வெர்ட்டர்தான். போன் சார்ஜர், எல்ஈடி பல்பின் உள்ளே இருக்கும் சின்னப் பலகை, சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், ஸ்டோரில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் எல்லாம் அந்த இனம். நேரோட்டத்தை (டிசி) ஆடலோட்டமாக்கும் (ஏசி) கன்வெர்ட்டருக்கு இன்வெர்ட்டர் என்று பெயர்.

24 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 1 அம்பியர் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். பழைய நேரியல் ரெகுலேட்டரைப் போட்டால் மீதி 19 வோல்ட்டையும் அது சூடாகத்தான் கழிக்கும். உள்ளே போவது 24 வாட், வெளியே வருவது 5 வாட். வினைத்திறன் 21 சதவீதம். சுவிட்சிங் கன்வெர்ட்டர் அப்படி அல்ல. அதில் மொஸ்பெட் என்ற டிரான்சிஸ்டர்தான் சுவிட்ச். மொஸ்பெட் ஓஃபாக இருக்கும்போது அதனூடாக மின்னோட்டம் இல்லை. ஓனாக இருக்கும்போது அதன் குறுக்கே வோல்டேஜ் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் பெருக்கினால் எந்த நிலையிலும் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் வரும். அதே வேலையை 90 சதவீதத்துக்கு மேல் செய்யலாம்.

90 சதவீதமும் 95 சதவீதமும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? அந்த 5 சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். இது புரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

வெளியே வரும் வலுவைப் பார்க்காதீர்கள், வீணாகும் வலுவைப் பாருங்கள். நம்முடைய 300 வாட் இன்வெர்ட்டர் 85 சதவீதத்தில் ஓடினால் 53 வாட் சூடாகிறது. 90 இல் 33 வாட். 95 இல் 16 வாட். 97 இல் 9 வாட். 90 இலிருந்து 95 க்குப் போனால் சூடு பாதிக்கு மேல் குறைகிறது.

33 வாட் சூட்டை வெளியேற்ற நல்ல கனமான அலுமினிய ஹீட்சிங்க்கும் ஒரு பேனும் வேண்டும். 9 வாட் என்றால் அலுமினியப் பெட்டியின் உடம்பே போதும். பேன் போனால் பேனின் சத்தம் போகிறது, அது உறிஞ்சும் தூசு போகிறது, பழுதாகும் பாகம் ஒன்று குறைகிறது. பெட்டியும் பாதியாகிறது. ஆகவே “எப்படிச் சிறிதாக்குவது?” என்று வருபவர்களிடம் “எங்கே சூடாகிறது?” என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சூட்டைக் குறைக்காமல் பெட்டியை மட்டும் சுருக்கினால், கொஞ்ச நாளில் அது திரும்ப ரிப்பேர் மேசைக்கே வந்துவிடும்.

அப்படியென்றால் வலு எங்கெங்கே வீணாகிறது?

முதலில் கடத்தும்போது. மொஸ்பெட் ஓனாக இருக்கும்போதும் அதற்கு ஒரு சிறு தடை உண்டு. இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 24 வோல்ட் பேட்டரியில் 300 வாட்டுக்கு ஏறக்குறைய 14 அம்பியர் ஓடும். தரவுத்தாளில் 5 மில்லிஓம் என்று போட்டிருக்கும் மொஸ்பெட் சூடானதும் 8 மில்லிஓம் ஆகிவிடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு மொஸ்பெட் கொண்ட முழுப்பாலச் சுற்றில் எந்த நேரமும் இரண்டு மொஸ்பெட் தொடராக இருக்கும். 14 ஐ வர்க்கித்து, 0.008 ஆலும் 2 ஆலும் பெருக்கினால் 3 வாட். இதே இன்வெர்ட்டரை 12 வோல்ட்டில் செய்தால் 28 அம்பியர், இழப்பு 12 வாட்டுக்கு மேல். நான்கு மடங்கு! வயரிலும் அப்படித்தான். போக வர மொத்தம் 4 மீட்டர், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் 12 வோல்ட்டில் வயர் மட்டும் 9 வாட் தின்னும், 24 வோல்ட்டில் 2 வாட் சொச்சம்தான். ஒரு மொஸ்பெட்டைக்கூட மாற்றாமல் கிடைக்கும் லாபம் இது. முடிந்தவர்கள் 48 வோல்ட்டுக்கே போங்கள்.

இரண்டாவது, சுவிட்ச் மாறும் நொடியில். ஓனிலிருந்து ஓஃபுக்குப் போகும் அந்தச் சிறு நேரத்தில் வோல்டேஜும் மின்னோட்டமும் ஒன்றாக இருக்கும். இன்வெர்ட்டரின் உள்ளே பேட்டரி வோல்டேஜை முதலில் 400 வோல்ட் நேரோட்டமாக ஏற்றிவிட்டுத்தான் 230 வோல்ட் ஆடலோட்டமாக்குவோம். அந்தப் பக்கத்தில் 400 வோல்ட், 3 அம்பியர், ஏறவும் இறங்கவும் தலா 50 நானோசெக்கன்ட் என்றால், 100 கிலோஹேர்ட்ஸில் ஒரு மொஸ்பெட்டில் 6 வாட் போகிறது. 20 கிலோஹேர்ட்ஸில் 1.2 வாட்தான். இந்த இழப்பு மீடிறனோடு (செக்கனுக்கு எத்தனை தடவை சுவிட்ச் மாறுகிறது என்பதோடு) நேராக ஏறும்.

அப்புறம் டயோட். சாதாரண சிலிக்கன் டயோட் ஓஃபாகும்போது ஒரு கணம் எதிர்த்திசையிலும் கடத்திவிட்டுத்தான் நிற்கும். அந்தத் தண்டனையை எதிரே இருக்கும் மொஸ்பெட் அனுபவிக்கும். சுருளின் நடுவில் இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான கோர், சுற்றிய செம்பு, மொஸ்பெட்டை ஓன் ஓஃப் செய்யும் காலான கேட்டை ஏற்றி இறக்கும் டிரைவர் எல்லாம் தங்கள் பங்கை எடுக்கும்.

கடைசியாக ஒன்று, யாரும் கணக்கில் எடுக்காதது: சும்மா இருக்கும்போது குடிப்பது. சுமை எதுவும் இல்லாமலே 10 வாட் இழுக்கும் இன்வெர்ட்டர் ஒரு நாளில் 240 வாட்மணி தின்றுவிடும். 24 வோல்ட், 100 அம்பியர்மணி பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு அது. லயத்து வீட்டில் முக்கால்வாசி நேரம் இரண்டு லைட்டும் ரவுட்டரும்தான் ஓடும். ஆகவே முழுச்சுமையில் 96 சதவீதம் என்று பெருமைப்படுவதைவிட 30 வாட்டில் எவ்வளவு என்று பார்ப்பதே நமக்கு உபயோகம்.

மீடிறனைக் கூட்டினால் எல்லாம் சிறிதாகிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் 5 அம்பியர் கன்வெர்ட்டருக்கு, மின்னோட்ட அலைவு 1.5 அம்பியருக்குள் இருக்க வேண்டும் என்றால், 20 கிலோஹேர்ட்ஸில் 200 மைக்ரோஹென்ரி தூண்டற்சுருள் வேண்டும். 100 கிலோஹேர்ட்ஸில் 40. 500 கிலோஹேர்ட்ஸில் 8. சுருள் உள்ளங்கையிலிருந்து நகத்தின் அளவுக்கு வந்துவிடும். டிரான்ஸ்போமரும் அப்படியே: 50 ஹேர்ட்ஸ் இரும்பு டிரான்ஸ்போமர் 300 வாட்டுக்குச் சில கிலோ பாரம், ஃபெரைட்டில் செய்தால் கைப்பிடிக்குள் அடங்கும்.

ஆனால் விலை உண்டு. சுவிட்சிங் இழப்பு நேராக ஏறும். மீடிறன் ஏற ஏற கோர் சூடாகும், அதனால் காந்தப் பாய அடர்த்தியைக் குறைக்க வேண்டிவரும். இரும்புத் தகட்டில் ஒன்றரை டெஸ்லாவுக்குக் கிட்டப் போகலாம். 100 கிலோஹேர்ட்ஸில் ஃபெரைட்டை 0.1, 0.2 டெஸ்லாவுக்குள் வைத்துக்கொள்வதுதான் நல்லது. செம்பிலும் வில்லங்கம் இருக்கிறது. மீடிறன் கூடும்போது மின்னோட்டம் கம்பியின் மேற்தோலில் மட்டுமே ஓடும். 50 ஹேர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் 9 மில்லிமீட்டர், 100 கிலோஹேர்ட்ஸில் 0.2 மில்லிமீட்டர். தடித்த ஒற்றைக் கம்பியைச் சுற்றினால் நடுவில் இருக்கும் செம்பு வீண். மெல்லிய எனாமல் கம்பிகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிச் சுற்ற வேண்டும்.

ஒரு எல்லைக்கு மேல் மீடிறனைக் கூட்டினால் சுருள் சிறுக்கிறது, ஹீட்சிங்க் பெருக்கிறது. கைவேலையாகச் செய்பவர்களுக்கு 50 முதல் 150 கிலோஹேர்ட்ஸ் வரை நல்ல இடம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேலே போக வேண்டுமானால், வோல்டேஜ் பூச்சியமாகும் நேரம் பார்த்து சுவிட்சைப் போடும் முறைகளைப் படித்துவிட்டுப் போங்கள். எல்எல்சி, கட்டம் நகர்த்திய முழுப்பாலம் இரண்டும் அந்த வகை. மாறும் நொடியின் இழப்பில் பெரும்பகுதியை அவை இல்லாமலே ஆக்கிவிடும்.

கேலியம் நைட்ரைடு, சிலிக்கன் கார்பைடு போட வேண்டுமா?

மொஸ்பெட், டயோட் செய்யச் சிலிக்கனுக்குப் பதிலாக வந்திருக்கும் பொருட்கள் இவை. 65 வாட் போன் சார்ஜர்கள் இவ்வளவு குட்டியாக வந்ததற்குக் கேலியம் நைட்ரைடு ஒரு பெரிய காரணம். இரண்டுமே சிலிக்கனைவிட ஏறக்குறைய பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்கும். ஆகவே அதே வோல்டேஜுக்கு மெல்லிய படலம் போதும், தடை குறையும், வேகம் கூடும். டயோட்டின் எதிர்த்திசைத் தொல்லையும் இல்லாத அளவுக்குக் குறைந்துவிடும்.

நம்முடைய 300 வாட் இன்வெர்ட்டரில் பேட்டரிப் பக்கத்துக்கு நல்ல சிலிக்கன் மொஸ்பெட்டே போதும். காசு இருந்தால் 400 வோல்ட் பக்கத்து டயோட்டுகளைச் சிலிக்கன் கார்பைடாக மாற்றுங்கள். சுற்றைத் திருத்தாமலே சூடு இறங்கும். கேலியம் நைட்ரைடு வேகமானது, பலகையில் ஒரு சிறு பிழையையும் மன்னிக்காது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய மொஸ்பெட் அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டுக்கு 10 வோல்ட் கொடுங்கள், வடிகாலிலிருந்து (ட்ரெயின்) மூலத்துக்கு (சோர்ஸ்) 5 அம்பியர் ஓட்டுங்கள், கால்களின் அடியிலேயே மில்லிவோல்ட் அளவுங்கள். ஐஆர்எஃப் 3205 க்குத் தரவுத்தாளில் அதிகபட்சம் 8 மில்லிஓம் போட்டிருக்கிறார்கள். ஆகவே 40 மில்லிவோல்ட்டுக்குள் வர வேண்டும். 100 ஐத் தாண்டினால் உள்ளே இருப்பது சின்னச் சில்லு, வெளியே எழுத்து மட்டும்தான் பெரிது.

இன்னொன்றும் இதோடு சொல்லிவிடுகிறேன். அதே 3205, 55 வோல்ட் சாமான். இரண்டு பக்க மொஸ்பெட்டுகள் மாறி மாறி ஓனாகும் புஷ்-புல் சுற்றில் ஓஃபாக இருக்கும் மொஸ்பெட்டின் மேல் பேட்டரி வோல்டேஜைப் போல இரண்டு மடங்கு விழும். 24 வோல்ட் ஈய பேட்டரி சார்ஜாகும்போது 28.8 வரை போகும்; இரண்டு மடங்கு 57.6. அசல் மொஸ்பெட்டும் அங்கே தாங்காது. 12 வோல்ட்டுக்கு வரைந்த சுற்றை அப்படியே 24 க்கு எடுக்காதீர்கள். முழுப்பாலம் போடுங்கள், அல்லது 100 வோல்ட் மொஸ்பெட் எடுங்கள்.

சுற்று சரி, சிமுலேஷனும் சரி. பலகையில் போட்டதும் மொஸ்பெட் வெடிக்கிறது. ஏன்?

பலகையின் செம்புக்கோடும் ஒரு தூண்டற்சுருள்தான். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்ரி என்று வைத்துக்கொள்ளலாம். கப்பாசிட்டரிலிருந்து மேல் மொஸ்பெட், கீழ் மொஸ்பெட் வழியாகத் திரும்பக் கப்பாசிட்டருக்கு வரும் சுற்றுப்பாதை 20 மில்லிமீட்டர் நீளம் என்றால் 20 நானோஹென்ரி. அதில் 20 அம்பியரை 10 நானோசெக்கன்டில் நிறுத்தினால் 40 வோல்ட் குத்து எழும். பேட்டரி 24, குத்து 40, மொத்தம் 64. அங்கே ஒரு 55 வோல்ட் மொஸ்பெட் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பாதையை முதலில் வரையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. செராமிக் கப்பாசிட்டரை மொஸ்பெட்டுக்கு ஒட்டினாற்போல வையுங்கள். போகும் கோட்டுக்கு நேர் கீழே, பலகையின் அடுத்த பக்கத்தில், திரும்பும் கோட்டை ஓட்டுங்கள். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கேட் டிரைவரின் பூமிக் கோடு பெரிய மின்னோட்டம் போகும் வழியில் பங்கு கேட்கக் கூடாது. அளந்து பார்த்தும் குத்து அடங்கவில்லை என்றால் ஒரு தடையும் கப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னபர் போடலாம், ஆனால் அது வலுவைத் தின்று செய்யும் வேலை.

முழு இன்வெர்ட்டரையும் சார்ஜர் அளவுக்குச் சுருக்க முடியாதா?

கூகுளும் மின்பொறியியலாளர்களின் ஐஇஇஇ அமைப்பும் 2014 இல் இதற்கென்றே ஒரு போட்டி வைத்தன. லிட்டில் பாக்ஸ் சவால் என்று பெயர், பரிசு பத்து லட்சம் டொலர். 2 கிலோவோல்ட்அம்பியர் இன்வெர்ட்டரை 655 கன சென்டிமீட்டருக்குள் அடக்க வேண்டும், பெட்டியின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டக் கூடாது. 2016 இல் வென்ற பெல்ஜியக் குழு அதை ஏறக்குறைய 230 கன சென்டிமீட்டரில் செய்து காட்டியது. கால் லீட்டருக்கும் குறைவு.

அங்கே எல்லோரும் முட்டிக்கொண்ட இடம் சுவிட்ச் அல்ல, சக்திச் சேமிப்பு. பேட்டரி கொடுப்பது சீரான வலு. ஒற்றைக் கட்ட ஆடலோட்டமோ ஒரு வட்டத்தில் இரண்டு தடவை உச்சத்துக்கும் இரண்டு தடவை பூச்சியத்துக்கும் போகும். நம்முடைய 50 ஹேர்ட்ஸில் அது செக்கனுக்கு 100 தடவை. இடையில் இருக்கும் வித்தியாசத்தை எங்கேயாவது வைத்து எடுக்க வேண்டும். 300 வாட்டுக்கு அது ஏறக்குறைய 1 ஜூல். சுவிட்சிங் மீடிறனை எவ்வளவு கூட்டினாலும் இந்த 1 ஜூல் குறையாது, ஏனென்றால் அது 50 ஹேர்ட்ஸின் சொத்து.

400 வோல்ட் பாதையில் 20 வோல்ட் அலைவு பரவாயில்லை என்றால் 120 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் வேண்டும். கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், தனியாக ஒரு சிறு கன்வெர்ட்டரை வைத்து, அதன் கப்பாசிட்டரை மட்டும் 150 வோல்ட்டுக்கும் 400 வோல்ட்டுக்கும் இடையில் நன்றாக ஏறி இறங்க விடுவது. அப்போது 14 மைக்ரோஃபரட் போதும். போட்டியில் முன்னுக்கு வந்தவர்கள் இந்த வழியின் பல வடிவங்களைத்தான் எடுத்தார்கள். வீட்டுக்குச் செய்யும் இன்வெர்ட்டருக்கு இவ்வளவு தேவையில்லை, 120 மைக்ரோஃபரட்டே போடுங்கள். ஆனால் ஏன் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

அந்தக் கப்பாசிட்டர்தானே முதலில் ஊதிப் போகிறது?

ஆமாம். எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் சூட்டுக்கு வயதாகும் சாமான். 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். “105 பாகை, 2000 மணித்தியாலம்” என்று எழுதியிருப்பதை 65 பாகையில் ஓட்டினால் 32,000 மணித்தியாலம் வரும். இரவு பகலாக ஓடினாலும் மூன்றரை வருஷத்துக்கு மேல். ஹீட்சிங்கோடு ஒட்டி வைத்த கப்பாசிட்டர் அந்தக் கணக்குக்குள் வராது, தள்ளி வையுங்கள்.

மலைநாட்டுக் குளிர் நமக்கு நல்லதுதானே? தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

குளிர் நல்லது, உயரம் நல்லதல்ல. நுவரெலியா டவுன் ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையோடு பார்த்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் ஹீட்சிங்க்கிலிருந்து அது எடுத்துச் செல்லும் சூடும் குறையும். மோட்டார் டிரைவ்களின் கையேடுகளில் 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் சுமையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கில் அட்டனுக்கு 3 சதவீதம் அளவு, நுவரெலியாவுக்கு 9 சதவீதம் அளவு. ஆனால் அந்தக் கையேடுகள் சுற்றுச்சூழல் 40 பாகை என்று வைத்து எழுதியவை. 20 பாகைக் குளிரில் திறந்த இடத்தில் ஓடும் இன்வெர்ட்டருக்கு நட்டம் ஈடாகிவிடும். ஸ்டோரில் கொழுந்து உலர்த்தும் அறைக்குப் பக்கத்தில் மாட்டிய டிரைவுக்கு ஈடாகாது: அங்கே சூடும் இருக்கிறது, மெலிந்த காற்றும் இருக்கிறது.

மெலிந்த காற்று மின்பொறியையும் சுலபமாகப் பாய விடும். கடத்திகளுக்கு இடையே காற்றில் விட வேண்டிய இடைவெளியைச் சொல்லும் சர்வதேச நியம அட்டவணை 2,000 மீட்டர் வரைக்கும்தான் அப்படியே செல்லும். 3,000 மீட்டருக்கு 1.14 ஆல் பெருக்க வேண்டும். நம்முடைய டவுன்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டரில் வைக்கும் சாமானுக்கு இடைவெளியைக் கூட்டித்தான் வரைய வேண்டும்.

எனக்கு இவற்றைவிடப் பயம் தருவது ஈரம். அம்பேவெல, அப்புத்தளைப் பக்கத்தில் மூட்டம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். இரவெல்லாம் ஓஃபாகக் குளிர்ந்து கிடந்த பலகையில் காலையில் நீர் படிந்திருக்கும். அதில் 400 வோல்ட்டைப் போட்டால் கால்களுக்கு இடையே கசிவு தொடங்கி, கறுத்து, ஒரு நாள் எரியும். செய்து முடித்த பலகையை நன்றாகக் கழுவி, உலர்த்தி, காப்பு வார்னிஷ் அடியுங்கள். உயர் வோல்டேஜ் கால்களுக்கு நடுவே பலகையில் ஒரு வெட்டு விடுங்கள். பேன் இல்லாத மூடிய பெட்டி இங்கேதான் தன் மதிப்பைக் காட்டும். ஸ்டோரில் பறக்கும் தேயிலைத் தூசும் பஞ்சும் அதற்குள் போகாது, பல்லியும் போகாது.

இடியும் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமழைக் காலம். உள்ளே வரும் லைனில், அளவுக்கு மீறிய வோல்டேஜைத் திருப்பிவிடும் வேரிஸ்டரும் அதற்கு முன்னால் ஃபியூஸும் கட்டாயம். நிலக்கம்பி சரியாக இல்லாவிட்டால், நிலத்துக்கு இறக்க வேண்டிய இடியை அந்த வேரிஸ்டரால் இறக்க முடியாது.

சோலார் கன்ட்ரோலர் 150 வோல்ட். மூன்று பேனல் தொடராகப் போட்டால் 147 வோல்ட்தான். ஏன் செத்தது?

விடியற்காலைக் குளிரில் செத்திருக்கும். பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் 25 பாகையில் அளந்தது. ஒரு பாகை குறைந்தால் ஏறக்குறைய 0.3 சதவீதம் ஏறும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி பிடிக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும் பேனலில் முதல் வெயில் விழும்போது 147 வோல்ட் 158 ஆகிவிடும். கொழும்பில் இதே மூன்று பேனல் வருஷக்கணக்கில் ஓடும். நம் ஊரில் இரண்டு போடுங்கள், அல்லது 200 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் கன்ட்ரோலர் எடுங்கள்.

தேயிலை ஸ்டோரில் இதனால் என்ன பிரயோசனம்?

நிறைய. கொழுந்து வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகள் மணிக்கணக்கில் ஓடுபவை. காற்றாடியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் காற்றும் 80 சதவீதம் ஆகும், ஆனால் இழுக்கும் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு இறங்கி 51 சதவீதத்துக்கு வந்துவிடும். கொழுந்து வாடி வரும் பிற்பகுதியில் முழுக் காற்று தேவைப்படாது. கதவை அடைத்துக் காற்றைக் குறைப்பதற்கும் டிரைவ் போட்டு வேகத்தைக் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மின்பட்டியலில் நேராகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண டிரைவின் முன்பக்கம் ஆறு டயோட் கொண்ட ரெக்டிஃபயர். அது லைனிலிருந்து மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுக்கும். 5 ஆம், 7 ஆம் மடங்கு மீடிறன்கள் லைனில் ஏறும். பல டிரைவ்களை ஒரே டிரான்ஸ்போமரில் மாட்டினால் அது தேவையில்லாமல் சூடாகும். வலுக்காரணித் திருத்தத்துக்கு வைத்திருக்கும் கப்பாசிட்டர்களும் பாதிக்கப்படும். டிரைவோடு, மின்னோட்டத்தைச் சீராக்கும் சுருளான சோக் வாங்காமல் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எங்கள் டிவிஷனில் ஒரு ஓடை இருக்கிறது. அதில் கரண்ட் எடுக்கலாமா?

பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே இந்த மலைத்தண்ணீரில் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். 1950 இல் லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது. ஓடை ஒன்று போதும் சின்ன அளவில் அதே வேலையைச் செய்ய. செக்கனுக்கு 20 லீட்டர், 10 மீட்டர் வீழ்ச்சி, பாதி வினைத்திறன் என்றால் கிட்டத்தட்ட 1 கிலோவாட். மூன்று கட்ட மோட்டார் ஒன்றையே, கப்பாசிட்டர் மாட்டி, மின்பிறப்பாக்கியாக ஓட்டலாம்.

வில்லங்கம் என்னவென்றால், தண்ணீர் ஒரே அளவாக விழும், வீடுகளின் சுமை ஏறி இறங்கும். எல்லோரும் லைட்டை அணைத்துப் படுத்தால் சுழலி வேகம் பிடித்து வோல்டேஜ் எகிறும். அங்கேதான் வலு இலத்திரனியல் வருகிறது: மிச்ச வலுவை அளந்து ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும் சுமைக் கட்டுப்படுத்தி. ரெக்டிஃபயர், பெரிய வலுவுக்கான சுவிட்ச் டிரான்சிஸ்டரான ஒரு ஐஜிபிடி, அதை ஓன் ஓஃப் செய்யும் சிறு மைக்ரோகன்ட்ரோலர், இவ்வளவுதான். ஹீட்டரின் அளவு மின்பிறப்பாக்கியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அதைக் காற்றில் எரிய விடாமல் தண்ணீர்த் தாங்கியில் இறக்குங்கள். மஸ்கெலியாக் குளிரில் பிள்ளைகள் காலையில் சுடுதண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். இந்த ஒரு வேலையைச் செய்து பார்க்க யாராவது முன்வந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வினைத்திறனை எப்படி அளப்பது? என் மீட்டரில் 101 சதவீதம் காட்டுகிறது.

மீட்டர்களின் பிழை அது. உள்ளே 300 வாட், வெளியே 294 வாட் என்று அளந்தீர்கள். இரண்டு அளவிலும் 0.5 சதவீதப் பிழை இருந்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை வாட் தவறலாம். இழப்பு 6 வாட்டா, 3 வாட்டா, 9 வாட்டா என்று சொல்லவே முடியாது.

சூட்டை நேராக அளவுங்கள். மீன் வரும் ரெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்து, கன்வெர்ட்டரை உள்ளே வைத்து, பெட்டியின் உள்வெப்பநிலை ஏறி நிற்கும் வரைக்கும் ஓட்டுங்கள். பிறகு கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஒரு தடையை வையுங்கள். அதே வெப்பநிலை வரும் வரைக்கும் தடைக்கு நேரோட்டம் கொடுங்கள். அப்போது தடை எடுக்கும் வாட்தான் உங்கள் கன்வெர்ட்டரின் இழப்பு. அறையின் வெப்பநிலை இரண்டு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும். நேரம் எடுக்கும், ஆனால் விலை கூடிய வலு அளவியோடு போட்டி போடும்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள் எவை?

400 வோல்ட் நேரோட்டம். 120 மைக்ரோஃபரட்டில் கிட்டத்தட்ட 10 ஜூல் இருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் இருக்கும். வெளியேற்றும் தடை ஒன்றை நிரந்தரமாக மாட்டுங்கள். தொடுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஒசிலோஸ்கோப்பின் பூமிக் கவ்வியைக் கரண்டோடு இருக்கும் பக்கத்தில் கொளுவாதீர்கள். தனிப்படுத்திய டிரான்ஸ்போமரோ வேறுபாட்டு புரோபோ இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. உயர் வோல்டேஜில் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

வீட்டு வயரிங்கோடு இன்வெர்ட்டரை இணைப்பவர்கள் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. கரண்ட் போன நேரம் உங்கள் இன்வெர்ட்டர் லைனுக்கு 230 வோல்ட்டைத் திருப்பி அனுப்பினால், தெருவில் இருக்கும் டிரான்ஸ்போமர் அதை 11,000 அல்லது 33,000 வோல்ட்டாக ஏற்றும். மழையில் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் அந்தக் கம்பியைத் தொட்டால் பிழைக்க மாட்டார்.

நான் இன்றைக்குத் தொடங்க வேண்டும். எதைச் செய்வது?

எல்டிஸ்பைஸ், கிகேட் இரண்டும் இலவசம். ஒன்று சுற்றை ஓட்டிப் பார்க்க, மற்றது பலகை வரைய. இன்வெர்ட்டரை இப்போதைக்கு மறந்துவிட்டு, மேலே சொன்ன 24 இலிருந்து 12 வோல்ட், 5 அம்பியர் கன்வெர்ட்டரை 100 கிலோஹேர்ட்ஸில் செய்யுங்கள். உயிர் போகும் வோல்டேஜ் எதுவும் அதில் இல்லை. 40 மைக்ரோஹென்ரிச் சுருளை நீங்களே சுற்றுங்கள். ஓட்டுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: மொஸ்பெட்டில் இத்தனை வாட், டயோட்டில் இத்தனை, சுருளில் இத்தனை. பிறகு ரெஜிபோம் பெட்டியில் வைத்து அளவுங்கள். எழுதியதும் அளந்ததும் பொருந்தாவிட்டால் வித்தியாசம் எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் டயோட்டில் கிடைக்கும். அதைக் கழற்றிவிட்டு இன்னொரு மொஸ்பெட் போட்டு, திரும்பவும் அளவுங்கள்.